100 போடுவதா, 95 போதுமா?

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி கிடையாது, நான் லேத் ஷெட்டிலேயே பாதி ராத்திரி வரை கிடக்கிறேன். நீ என்னடா என்றால் பழைய ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ வாங்கி, மூன்றாம் மாதமே ரீமேப்பும் போட்டுவிட்டாய், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேப் என்கிற கணக்கை மாற்றி எழுதி சக்தியை ஏற்றிவிட்டாய். தங்கச்சியிடம் எவ்வளவு செலவு என்று உண்மையைச் சொன்னாயா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இனிமேல் 100 ஆக்டேன் பெட்ரோல்தான் போடணுமா, சாதாரணம் போதுமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு, அது கீழே.

நம்ம பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஞாபகம் இருக்கிறதா? இழுவை பத்தவில்லை என்று ஹெட்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை நசுங்குகிற அளவை, ஏற்றினோமே, அன்றைக்குப் பங்க்கில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 87, 88 என்ற அளவில்தான். யாரோ சொன்னார்கள் என்று டேங்கில் அந்துருண்டை வேறு போட்டோம். நாலு உருண்டை. அடுத்த வாரம் கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டது, அதற்கடுத்த வாரம் பல்லடம் ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது கிணிகிணி என்று தகர டப்பாவில் கோலி உருட்டுகிற மாதிரி சத்தம், நீ பின்னால் உட்கார்ந்து "செம சவுண்டுடா" என்றாய், ரெண்டு கிலோமீட்டரில் பிஸ்டன் மண்டையில் ஓட்டை.

அந்தச் சத்தம்தான் நாக்கிங். சரவெடியை ஒரு முனையில் கொளுத்தினால் வரிசையாக வெடித்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா, சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான், பிளக் பற்றவைத்த நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவி வர வேண்டும். அது வந்து சேருவதற்குள் கடைசி மூலையில் கிடக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே மொத்தமாக வெடித்தால் பிஸ்டன் மேல் சுத்தியலால் அடித்தது போல. அப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்குத்தான் ஆக்டேன் எண். அதில் சக்தி ஒன்றும் கூடுதலாக இல்லை. கம்ப்ரஷனோ, டர்போ காற்றைத் திணிக்கிற பூஸ்ட்டோ கூடினால், பிளக் பற்றவைக்கிற நேரமான இக்னிஷன் டைமிங்கை முன்னால் தள்ளினால், பொறுமை அதிகம் உள்ள பெட்ரோல் வேண்டும், அவ்வளவுதான். ட்யூன் பண்ணாத சாதாரண வண்டிக்கு 100 ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு சிரிப்புதான் வருகிறது. லிட்டருக்கு ஐம்பது அறுபது ரூபாய் கூடக் கொடுத்து, அந்த இன்ஜின் கேட்காத ஒன்றை ஊட்டுகிறார்கள்.

உன் வண்டி அந்த ரகம் இல்லை. இப்போது நீ அனுப்பிய லாக் படத்தைப் பார், ஓடும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்த கணக்கு அது. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்திருக்கிறாய், 4500 ஆர்பிஎம்மில் மூன்றாவது சிலிண்டரில் டைமிங் 5 டிகிரி பின்வாங்கியிருக்கிறது, மற்ற மூன்றிலும் 3, 4. நாக் சென்சார் வழியாக அந்தக் கிணிகிணி சத்தத்தைக் கேட்டு உன் ஈசியூ, அதாவது அந்த இன்ஜின் கம்ப்யூட்டர், காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆர்எக்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் நீ 220 குதிரை என்று காசு கொடுத்து வாங்கினாய், வெயிலில் மிதிக்கும்போது அதில் ஒரு பங்கு உன் கைக்கு வருவதில்லை. ஒரு சிலிண்டரில் எப்போதாவது 1, 2 டிகிரி வந்து போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, நாலிலும் சேர்ந்து இப்படி வந்தால் மேப்புக்கும் பெட்ரோலுக்கும் ஒத்துவரவில்லை.

ஏன் ஒத்துவரவில்லை என்பதும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. "மேப் 91க்கு எழுதியது, நம்ம ஊர்ப் பெட்ரோலே 91தான், போதும்" என்று ரீமேப் போட்ட ட்யூனர் சொன்னாராம். ஃபைல் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அங்கேதான் கோளாறு. நம் ஊரில் சொல்வது ஆர்ஓஎன் என்கிற ஆக்டேன் எண், சோதனை இன்ஜினை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி அளப்பது. எம்ஓஎன் என்று இன்னொன்று, 900 ஆர்பிஎம்மில், கலவையை நன்றாகச் சூடேற்றி அளப்பது, எண் எப்போதும் குறைவாகத்தான் வரும். அமெரிக்கப் பங்க்கில் இந்த இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அதனால் அவர்கள் 91 என்றால் அது நம் கணக்கில் 95, 96. அவர்களுடைய 93 நமக்கு 98 மாதிரி. ஒரே எண், வேறு வேறு முழக்கோல். சட்டை தைக்கிறவன் இஞ்சுக்கும் சென்டிமீட்டருக்கும் குழம்பினால் என்ன ஆகுமோ அதுதான் உன் மூன்றாவது சிலிண்டரில் ஆகிறது.

ஆகவே உனக்குக் குறைந்தபட்சம் 95. 100 கிடைக்கும் நாளில் பாதி டேங்க் 100, பாதி 91 என்று கலந்தாலும் 95ஐத் தாண்டிவிடும், கணக்கு ஏறக்குறைய நேர்கோடுதான். இன்னொரு வேடிக்கை, 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 95ஐ ஒட்டி வந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறது, எத்தனாலின் சொந்த ஆக்டேன் 108க்கு மேல் என்பதால். மைலேஜ் அடிவாங்கும், எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். நாக்கிங்கைப் பொறுத்தவரை டர்போ வண்டிக்கு அது எதிரி இல்லை. ஆனாலும் உன் ஊர்ப் பங்க்கில் என்ன வருகிறது என்பதை போர்டை நம்பாமல் லாக்கை நம்பு. டேங்க்கை ரிசர்வ் வரை ஓட்டிவிட்டு நிரப்பு, ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு கட்டாதே, இரண்டாவது டேங்கில் அதே ரோடு, அதே மதிய வெயில், அதே மூன்றாவது கியர். காலை ஆறு மணிக்கு எடுத்த லாக்கை எனக்கு அனுப்பாதே, குளிர்ந்த காற்றில் எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கலாமா என்று கேட்டாய். "5 பாயிண்ட் ஏறும்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 0.5 ஆக்டேன், பத்தில் ஒன்றுதான் ஒரு பாயிண்ட். சிலதில் மாங்கனீஸ் இருக்கும், பிளக்கை செங்கல் நிறத்துக்கு மாற்றிவிடும். அந்துருண்டைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இப்போது நீ கேட்காத கேள்வி. உன் ஊரைச் சுற்றி 100 கிடைக்கவில்லை என்கிறாய், கோவை வந்தால்தான் போட முடிகிறது. அப்படி இருக்கும்போது 100க்கு மேப் எழுதி வைத்தாலும் என்ன பயன்? வருஷம் முழுக்க உன் ரோட்டில் எந்தப் பெட்ரோல் நிச்சயமாகக் கிடைக்கும் என்று பார், அதற்கு மேப் எழுதச் சொல். என் கையில் இருந்தால் பூஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கி, டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் வைத்து, அதற்கு ஒரு மேப் போட்டுவிடுவேன். பத்துப் பதினைந்து குதிரை போகும், போகட்டும். அந்த 7 கியர் ட்ரை கிளட்ச் பெட்டியே 250 நியூட்டன் மீட்டர் இழுவைக்கு வடிவமைத்தது, கம்பெனி கொடுத்ததே அந்த 250ஐத் தொட்டுக்கொண்டுதான், நீ 320 ஏற்றி வைத்திருக்கிறாய். கியர் பாக்ஸ் பில் வரும்போது ஆக்டேன் விவகாரமெல்லாம் சில்லறையாகத் தெரியும்.

அப்புறம் ஒன்று, வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசியிலும் ஆறாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் அழுத்திக்கொண்டு ஏறாதே. டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த இடத்தில் பிளக் பற்றவைக்கும் முன்னாலேயே வெடிக்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு, அதற்கு எந்த ஆக்டேனும் முழு மருந்து இல்லை. கியரைக் குறை, ஆயில் நல்ல ஸ்பெக்கில் போடு.

மேப்பை மாற்றிய பிறகு லாக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அந்த ஆர்எக்ஸ் பிஸ்டனை நான் தூக்கிப் போடவில்லை தெரியுமா. அம்மா அதைக் கவிழ்த்து வைத்து, மண்டையில் இருக்கும் ஓட்டையில் ஊதுபத்தி சொருகுகிறாள், இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

அன்புடன்,
உன் பழைய பாவி
கோவை