மழை விட்ட பிறகு ஏறிய தண்ணீர்: அரசுச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை
செயலாளர் அவர்கள், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை
தமிழ்நாடு அரசு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன திங்கட்கிழமை காலை, சென்னை துரைப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஐ.டி. வளாகத்தின் காம்பவுண்ட் சுவரில் புதிதாக இரண்டு துளை போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு அங்குலக் குழாய். இரண்டின் வாயும் எங்கள் தெருவைப் பார்த்து இருக்கிறது. எதற்கு என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். "மழைக்காலம் வருதுல்ல மேடம், பேஸ்மெண்ட்ல தண்ணி நின்னா இறைச்சு விட" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்ற பயம் கொஞ்சமாவது இருந்திருந்தால் அந்தத் துளையைப் பட்டப்பகலில் போட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

துரைப்பாக்கம் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதன் தண்ணீர் வடியும் ஒக்கியம் மடுவு, அது போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் உங்கள் வரைபடங்களில் இருக்கின்றன. 2015 வெள்ளத்தையும் 2021 வெள்ளத்தையும் நீங்கள் பார்த்தீர்கள். சென்னை வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த திருப்புகழ் குழுவின் அறிக்கை 2023 மார்ச்சில் உங்கள் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மிக்ஜாம் புயல். நான்காம் தேதி இரவோடு மழை விட்டது. மறுநாள், வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பித்தது. சுவரில் கரியால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயந்திரத்துக்குள் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு மழை இல்லை. காலையில் பார்த்தால் கரிக்கோடு தண்ணீருக்கு அடியில் இருந்தது. வளாகத்தின் பேஸ்மெண்டில் தேங்கியதை ஜெனரேட்டர் வைத்து ராத்திரி முழுக்க இறைத்து எங்கள் தெருவில் விட்டிருந்தார்கள். மேலே எண்ணெய் மிதந்தது.

எங்கள் தெருவில் இன்னும் செப்டிக் டேங்க்தான். தண்ணீர் ஏறினால் கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வரும். கூச்சப்பட்டு இதை யாரும் புகாரில் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். நான்கு நாள் எங்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள், கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே மூன்று குடும்பம் ஏறியிருந்தது. என் அம்மாவுக்கு அப்போது 71 வயது. சர்க்கரை, முழங்கால் வலி. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, வாசலில் இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து, படியேற்றிக் கூட்டிப்போக வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால் "தாகமே இல்லடி" என்றார். கட்டில் காலுக்கு நான்கு நான்கு செங்கல் வைத்து, அதன்மேல் அவரை உட்கார வைத்திருந்தோம். சுற்றிலும் தண்ணீர். ஐந்தாம் நாள் குளிர் ஜுரம் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி.

மோட்டார் ஓடிய அந்த ராத்திரியே ஒரு புகார் எண்ணுக்கு அழைத்தேன். "அது தனியார் இடம்மா, அவங்க தண்ணியை அவங்க வெளியேத்துறாங்க" என்று பதில் வந்தது. சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகும் அது அவர்கள் தண்ணீர்தானே?

கணக்கு எளியது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். பத்து ஏக்கர் வளாகத்தில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர். நமக்குப் பழக்கமான 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சொன்னால் 330 லாரிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் பத்து சென்டிமீட்டர் என்பது இங்கே அபூர்வமான மழையும் இல்லை. மண்ணாக இருந்தபோது அந்த நிலம் கொஞ்சம் குடித்தது, கொஞ்சம் தேக்கியது, மிச்சத்தை மெதுவாக விட்டது. இப்போது கூரை, கான்கிரீட், டைல்ஸ், கார் நிறுத்துமிடம். விழுந்த மழை அத்தனையும் உடனே வெளியே ஓடி வருகிறது. தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலோ எங்களைப் போன்ற வீடுகளுக்கே போதவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். பெரிய வணிக, தொழிற்சாலை வளாகங்கள் வெளியே விடும் மழைநீருக்கு உச்சவரம்பு வையுங்கள். எவ்வளவு மழையைத் தங்கள் எல்லைக்குள்ளேயே தேக்க வேண்டும், மணிக்கு எத்தனை லிட்டருக்கு மேல் வெளியே விடக் கூடாது என்று ஒவ்வொரு வளாகத்துக்கும் ஓர் எண் இருக்கட்டும். அந்த எண்ணை உங்கள் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். அதை வளாகத்தின் கேட்டில் பலகையாக மாட்டட்டும். தெருவில் தண்ணீர் நிற்கும்போது பேஸ்மெண்டை இறைத்துத் தெருவில் விடுவது குற்றம் என்றும் சொல்லுங்கள்.

மழைநீர் சேகரிப்பு ஏற்கெனவே கட்டாயம்தானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் சதுப்பின் ஓரத்தில் களிமண். நவம்பரில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கசிவுக் குழி அப்போது எதைக் குடிக்கும்? இங்கே வேண்டியது, மழைக்கு முன் காலியாக வைத்திருக்கும் பெரிய தொட்டி. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கையும் தர வேண்டும். காகிதம் இருக்கிறது. மழை பெய்யும் நாளில் அந்தக் காகிதத்தோடு சுவருக்குப் பின்னால் வந்து பார்க்க ஆள்தான் இல்லை.

இதைச் சொல்லும்போது 2003 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரர்கள்கூடக் கடன் வாங்கிக் கூழாங்கல்லும் மணலும் வாங்கிப் போட்டார்கள். அமைக்காத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை, ஊருக்கு நல்லது என்று செய்தோம். 600 சதுர அடி வீட்டிடம் அத்தனை கண்டிப்பாக இருக்க முடிந்த அரசால், பத்து ஏக்கரிடம் ஏன் முடியவில்லை? 2019 கோடையில் எங்கள் பகுதி வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் நிறுவனங்கள் தண்ணீர் இல்லை என்று ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதை நாம் எல்லோரும் பார்த்தோம். கார்த்திகையில் எங்கள்மேல் கொட்டிய தண்ணீரைத்தானே வைகாசியில் லாரி லாரியாக விலைக்கு வாங்குகிறார்கள்! ஏழைக்கு ஒரு சட்டம், இவர்களுக்கு ஒரு சட்டம் என்றுதான்...

மன்னியுங்கள், கோபத்தில் நீண்டுவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வேறு ஊர்களில் இது நடக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2010 முதல் வணிக வளாகங்களிடம், மண்ணை மூடிய பரப்புக்கு ஏற்ப மழைநீர்க் கட்டணம் வாங்குகிறது. உள்ளேயே தேக்கினால் கட்டணம் குறையும். ஜெர்மனியின் பெர்லினிலும் மூடிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கட்டணம் உண்டு. நம் ஊரில் கட்டணம் பிறகு வரட்டும். முதலில் உச்சவரம்பு வரட்டும்.

நிறுவனங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனும் இதே சாலையில் ஒரு வளாகத்தில்தான் வேலை பார்க்கிறான். பேஸ்மெண்டில் மின்சாரப் பேனல் மூழ்கினால் என்ன ஆபத்து என்பதை அவன் சொல்லி எனக்குத் தெரியும். இறைக்கத்தான் வேண்டும். இறைத்ததை வைக்கத் தொட்டி கட்டச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த எண்ணெய்த் தண்ணீர் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை, 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் அதுதான் போகிறது.

தயவுசெய்து ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். பெரிய வளாகங்கள் வெளியே விடும் மழைநீருக்கு உச்சவரம்பு வையுங்கள். ஆய்வுக்கு ஆளும் அனுப்புங்கள். வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: மெயின் கேட் வழியாகப் போனால் புல்தரையும் நீரூற்றும்தான் தெரியும். பின்பக்கம் எங்கள் தெரு வழியாக வரட்டும். குழாய்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
துரைப்பாக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒருத்தி