சபாக்களில் ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி இசை சீசன் முடிந்ததிலிருந்து வாசகர்கள் தாங்கள் கேட்ட கச்சேரிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் எழுதி வருவதை ஒன்று விடாமல் படிக்கிறேன். யாருடைய காம்போதி ராகம் மனதில் நின்றது, எங்கே பல்லவி அவசரமாக முடிந்துபோனது, எந்த வயலின்காரர் பாடகரை நிழல் மாதிரி தொடர்ந்தார், எந்த கேன்டீனில் அக்காரவடிசில் நன்றாக இருந்தது, எல்லாம் வருகிறது. கச்சேரி முடிந்து வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது நாங்கள் பேசிக்கொள்வது அப்படியே அச்சில் வந்த மாதிரி இருப்பதால், விமர்சனங்களைவிட எனக்கு இவைதான் பிடித்திருக்கின்றன. ஆனால் வாசலில் தவறாமல் பேசுகிற ஒரு விஷயம் மட்டும் இந்தக் கடிதங்களில் வரவே இல்லை. ஒலிபெருக்கியின் சத்தம். நல்ல கச்சேரி என்று ஆசையாகப் போய்க் காது வலியோடு திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

இந்த மார்கழியில் 19 கச்சேரிக்குப் போனேன். பாதிக்கு மேல் காலையிலும் மத்தியானத்திலும் நடக்கிற இலவசக் கச்சேரிகள், மீதி டிக்கெட் வாங்கிக் கேட்டவை. எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது, மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஒரு பெரிய சபாவில் சாயங்காலக் கச்சேரி. பாடியவரை அவர் மத்தியான ஸ்லாட்டில் பாடிக்கொண்டிருந்த நாளிலிருந்தே கேட்டு வருகிறேன், கீழ் ஸ்தாயியில் குரலை அடக்கி அவர் பாடுகிற பிடிகளுக்காகவே போவேன். ஆறாவது வரிசை. வர்ணம் ஆரம்பித்ததுமே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகள், அதிலிருந்து வந்தது அவர் குரல்தான், ஆனால் நான் அறிந்த குரல் இல்லை. அன்றைக்குப் பிரதான ராகம் தோடி. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அது அசைகிற அசைவில்தான் ராகமே இருக்கிறது. அந்த அசைவைப் பெரிதும் சிறிதுமாக, அழுத்தியும் விட்டும் காட்டத் தெரிந்தவர் அவர். அன்றைக்கு எல்லாமே ஒரே கனத்தில் வந்து விழுந்தது. மெதுவாகப் பாடினாலும் அதே சத்தம், ஓங்கிப் பாடினாலும் அதே சத்தம். வயலின் பதில் சொன்னபோது ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. கீர்த்தனைக்கு மிருதங்கம் சேர்ந்தபோது இடது பக்கமான தொப்பியில் எழுகிற கும்கி நாதம் பீப்பாயை உருட்டுகிற சத்தமாகக் கேட்டது. கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத்தில் ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடியும் தட்டிப் பார்த்து அவர்கள் வரவழைக்கிற நாதம் அது! அவ்வளவு பாடுபட்டது இதற்கா என்று மனசு கஷ்டப்பட்டது.

என் கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது. துல்லியமான கருவி இல்லை என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் 92, 94 டெசிபல் என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சீசனில் ஒரு நாளைக்கே மூன்று கச்சேரி கேட்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர், அதிலும் பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அன்று இரவு படுக்கும்வரை எனக்குக் காதில் கொய்யென்று ரீங்காரம் அடங்கவில்லை. என் தோழியின் அப்பா, எண்பதைத் தாண்டியவர், இரண்டாவது கீர்த்தனையிலேயே காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசை கேட்பதற்காகவே அதை வாங்கிக்கொண்டவர் அவர்.

இது எப்படி ஏறுகிறது என்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே தெரியும். கலைஞர்களுக்கு எதிரில் சின்னப் பெட்டிகள் இருக்கும், அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதற்கு. பாடகர் விரலை மேலே தூக்கிக் காட்டுகிறார், ஆடியோக்காரர் ஏற்றுகிறார். அப்புறம் வயலின்காரருக்குத் தன் வில் கேட்கவில்லை, அவரும் விரலைத் தூக்குகிறார். மிருதங்கக்காரர் வலது பக்கமான வலந்தலைக்குக் கொஞ்சம், தொப்பிக்குக் கொஞ்சம் என்று கேட்கிறார், கடம் மட்டும் சும்மா இருக்குமா, அதற்கும் ஏறுகிறது. இப்போது பாடகருக்கு மறுபடியும் தன் குரல் கேட்கவில்லை. இப்படி மூன்று பாட்டுக்குள் மேடையே ஒரு இரைச்சலாகி, அதற்கு ஈடுகொடுக்கச் சபைக்குப் போகிற ஒலியையும் ஏற்றிவிடுகிறார்கள். யார் மேலும் தப்பு என்று சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் தனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் விரலைக் கீழே காட்டி ‘குறையுங்கள்’ என்று சொன்ன கலைஞரை 19 கச்சேரியில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கச்சேரி. நாற்பது பேர் தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். மைக் இல்லை, மின் தம்புரா இல்லை, ஒரு சிஷ்யை நிஜத் தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு மீட்டினாள். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு சின்ன நூலை வைப்பார்கள், ஜீவா என்று அதற்குப் பெயர், அந்த நூலை மயிரிழை நகர்த்தினால்தான் நாதம் திறந்துகொள்ளும். அவள் அதை நகர்த்தின கணத்தில் அந்தச் சின்ன அறை நிரம்பினது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பாடகர் பேகடை ராகத்தை எடுத்தார். பேகடையில் மத்தியமமும் நிஷாதமும்தான் உயிர், அந்த நிஷாதத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதை வைத்தே பாடாந்தரத்தை, அதாவது எந்த குருவின் வழி என்பதை, சொல்லிவிடுவார்கள் பெரியவர்கள். முப்பது வருடமாகக் கச்சேரி கேட்கிறேன், அந்த நிஷாதம் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சன்னமாக எனக்குக் கேட்டதில்லை. அவர் மூச்சு எடுப்பது கேட்டது. வயலின் வில் திரும்புகிற இடம் கேட்டது. மிருதங்கக்காரர் விரல் நுனியால் வாசித்தார், ஒரு சாப்பு விழுந்து அது அடங்கும்வரை அவர் அடுத்த சொல்லை எடுக்கவில்லை, அதற்காகக் காத்திருந்த மாதிரி பாடகரும் சங்கதியை இழுத்துப் பிடித்தார். தனி ஆவர்த்தனத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அறை சின்னது, எழுந்தால் தெரியும் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய சபாக்களில் தனி ஆரம்பித்ததும் கூட்டம் கேன்டீன் பக்கம் நகர்வதற்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தாளம் புரியாததால் போகிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இருக்கலாம், ஆனால் காது வலிக்கிறதே என்று எழுந்து போனவள் நானே ஒருத்தி.

மூன்றாவது நாகஸ்வரம். இதை எழுதும்போதுதான் எனக்கு மனசு அதிகம் கனக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் கோபுர வாசலுக்கும் தேரோடும் வீதிக்கும் பிறந்தவை. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த அந்தக் குழலுக்கு ஒலிபெருக்கியின் தயவே வேண்டாம். என் தாத்தா கும்பகோணத்துக்காரர், நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கோயில் வீதியில் நள்ளிரவில் நின்று கேட்டதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட வாத்தியத்தை இருநூறு பேர் உட்காருகிற, குளிர்சாதனத்துக்காகக் கதவெல்லாம் மூடின ஒரு சின்ன அரங்கில், நாகஸ்வரத்துக்கு இரண்டு மைக், தவிலுக்கு இரண்டு மைக் என்று வைத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவர் பெரிய வித்வான். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரியைக் கம்பீர நாட்டை ராகத்தில் ஆரம்பித்தார், பத்தாவது நிமிஷத்திலேயே முன் வரிசைகள் காலி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். அன்றைக்கு வெளியே வந்தவர்கள் ‘நாகஸ்வரத்தை உள்ளே உட்கார்ந்து கேட்க முடியாது’ என்று பேசிக்கொண்டார்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. மைக்கை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஏற்கெனவே நாகஸ்வரத்துக்குச் சபாக்களில் கிடைக்கிற நேரம் குறைவு, கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தையும் இப்படிச் செய்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று அந்தக் கலைஞர்கள் மேல் சொல்வது நியாயமே இல்லை.

மைக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. மைக் வருவதற்கு முன்னால் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்றால் தொண்டையில் பலம் வேண்டும், சுருதியை ஏற்றி வைத்துப் பாடவேண்டும். 1933ல் 27 வயதிலேயே காலமான எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் அப்படித்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டார், எல்லாருக்கும் அந்தச் சாரீரம் வாய்க்குமா? மென்மையான குரல் உள்ளவர்களும், சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பாடவேண்டும் என்று நினைத்தவர்களும் பெரிய மேடைக்கு வந்ததில் மைக்குக்கு நிச்சயம் பங்கு உண்டு, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆயிரம் பேர், அதற்கும் மேல் உட்காருகிற அரங்கில் அது இல்லாமல் முடியாது. ஆனால் மென்மையைக் கொண்டுவந்து கொடுத்த அதே கருவியை மென்மையைக் கொல்வதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். இது இன்றைக்கு எனக்கு மட்டும் தோன்றுவதும் இல்லை. 1960களிலேயே மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்று நின்றார். மிருதங்கத்தின் நாதத்தை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் சொன்னதையே அப்போது நிறையப் பேர் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சபா நிர்வாகிகள் இதைப் படித்தால் சில விஷயங்களைக் கேட்கிறேன், பெரிய செலவு எதுவும் இல்லை. கச்சேரி தொடங்குவதற்கு அரை மணி முன்னால் மேடையில் ஒருவரைப் பாடச் சொல்லி, அரங்கின் நடுவில் இசை தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டு ஒலியைச் சரி பண்ணட்டும், அப்புறம் அதை யார் விரல் காட்டினாலும் ஏற்றவேண்டாம், மேடைக்குத் தேவையானதை மேடைக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். ஆடியோக்காரர் பல இடங்களில் ஓரத்தில், சுவருக்குப் பக்கத்தில், பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், அங்கே அவருக்கு என்ன கேட்கும்? அவரை ரசிகர்களுக்கு நடுவில் உட்காரவையுங்கள், இரண்டு நாற்காலி போனால் போகட்டும். ஒவ்வொரு சபாவும் சீசனில் ஒரே ஒரு கச்சேரியாவது மைக் இல்லாமல் நடத்தட்டும், காலைக் கச்சேரியாக இருந்தால்கூடப் போதும், கூட்டம் குறைவாக இருக்கும், நாங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறோம். சின்ன அரங்கில் நாகஸ்வரத்துக்கு மைக்கே வேண்டாம். உங்கள் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பாடின உருப்படிகளின் பட்டியலில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, அரங்கில் ஒலி எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பேர் போட்டு ஒரு வரி வந்தால் மறுநாளே சரியாகிவிடும், எங்களை மாதிரி பத்துப் பேர் காரியதரிசியிடம் போய்ச் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

காரியதரிசியிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தோடிக் கச்சேரி நடந்த இடத்தில் இடைவேளை மாதிரி கிடைத்த நேரத்தில் போய்ச் சொன்னேன். ‘பின்னால் உட்காருங்கள் அம்மா, அங்கே சரியாக இருக்கும்’ என்றார்கள். பின்னால் போனேன், அங்கேயும் பெட்டி வைத்திருந்தார்கள்.

சரி, அந்த ஒரு தடவையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஜனவரி முதல் வாரம், வேறொரு சபா, சுமாரான கூட்டம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் ‘நமஸ்காரம், ஒலி மிக அதிகமாக இருக்கிறது, தயவுசெய்து குறைக்கச் சொல்லுங்கள், உங்கள் குரலைக் கேட்க ஆசைப்படுகிறோம்’ என்று எழுதி முன்னால் அனுப்பினேன். பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புவது வழக்கம்தானே, நேயர் விருப்பம் என்று நினைத்துத்தான் அவரும் பிரித்திருப்பார். படித்தார், பக்கத்தில் வயலின்காரரிடம் காட்டினார், இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஆடியோக்காரரைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார், அவர் கொஞ்சம் குறைத்தார், இன்னும் என்று காட்டினார், இன்னும் குறைத்தார். அரங்கில் ஒரு நிமிஷம் பேச்சு சலசலத்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது, கேட்கவேண்டும் என்றால் பேசக்கூடாது என்று எல்லாருக்கும் தானாகவே தெரிந்துவிட்டது. சஹானா ராகம் பாடினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்களா எழுதினீர்கள்?’ என்று கேட்டார்.

இப்படிக்கு,
முப்பது வருடமாகக் கச்சேரி கேட்கும் ஒரு ரசிகை,
மந்தைவெளி, சென்னை–28