பள்ளத்தூர் பாப்பாவும் எங்க பாப்பாவும்

பாப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீ "ஷாட் ரெடிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அப்பா வேறு பக்கத்தில் நின்று "என்னவாம், என்னவாம்" என்று பிடுங்குவார். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் "இந்த சீரியல்லயும் வேலைக்காரிதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு மனசில் முள்ளாகக் கிடக்கிறது. பொங்கலுக்கு வந்திருந்தபோது சித்தி "எப்பத்தா கதாநாயகியா வருவ?" என்று கேட்டாள். நீ வாயைத் திறக்கும் முன்னே நான் முந்திக்கொண்டு, "எங்க, இவ காப்பித் தட்டுத் தூக்கத்தான் லாயக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து கிணற்றடிக்குப் போனாய். பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நடிகை மனோரமா நினைப்பாகவே இருக்கிறது. 1937இல் பிறந்தது மன்னார்குடியில் என்றாலும், வளர்ந்தது நம் பக்கத்துப் பள்ளத்தூரில்தானே! பள்ளத்தூர் பாப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்களாம். கூடப்பிறந்தவளையே புருஷன் கட்டிக்கொள்ள, கைக்குழந்தையோடு பிழைக்க வந்தவர் அவருடைய அம்மா ராமாமிர்தம். பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் நாடக மேடை. கோபிசாந்தா என்ற பெயரை மனோரமா என்று மாற்றியவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும்.

அந்தக் கால மேடை உனக்குத் தெரியாது. எனக்கே கொஞ்சம்தான் தெரியும். விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். ஆத்தா பாயைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போவாள். வள்ளி பாடும்போது நான் தூங்கிவிடுவேன், பபூன் வந்தால் எழுப்பச் சொல்லியிருப்பேன். மறுநாள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது பொம்பளைகள் பேசிச் சிரிப்பதும் பபூனைப் பற்றித்தான்.

1958இல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'தான் மனோரமாவுக்கு முதல் படம். காமெடி வேஷம் என்றதும் தயங்கினாராம். கதாநாயகிக்குச் சில வருஷம்தான் ஆயுசு, இதுதான் நின்று பேசும் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்துவிட்டார். அந்தப் படத்தைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறாயா? ஜில் ஜில் ரமாமணியை யாரும் மறக்கவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் வந்தது. சிவாஜியும் பத்மினியும் நிற்கிற படத்தில், ஜில் ஜில் ரமாமணி என்கிற நாடகக்காரி வேஷம் போட்டு மனோரமா வருகிறார், தான் வளர்ந்த உலகத்திலிருந்தே. நாயனத்தைக் கேட்டு அசந்துபோய், உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பாரே, அந்த இடத்தை இன்னொரு தரம் போட்டுப் பார். சிரிப்பு மூட்டுகிற கேள்வி என்பதே அவர் முகத்துக்குத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறாள் அந்தப் பொம்பளை. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே அவள்மேல் பிரியமும் வருகிறது. நான் தைத்துக்கொண்டே எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

நம் பக்கம் வளர்ந்தவர், அதே வருஷம் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் 'வா வாத்யாரே வூட்டாண்ட' பாடுகிறார்! காது அப்படிப்பட்ட காது. ஆயிரம் படம் தாண்டியதற்குக் கின்னஸ், 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ, இதெல்லாம் நீயே போனில் தட்டிப் பார்த்துக்கொள்வாய்.

நான் சொல்ல வந்தது கண்ணம்மாவைப் பற்றி. 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வருகிற வேலைக்காரி. அந்த வீட்டுச் சண்டைக்கு நடுவே புகுந்து "கம்முனு கெட" என்று அதட்டுவாளே, அவள். மனோரமா அதைப் பேசும்போது எனக்கு எப்போதும் ராமாமிர்தம் அம்மாள் ஞாபகம் வரும். அடுத்த வீட்டில் வேலை செய்த ஒரு தாயைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா, அந்தக் குரல் எங்கே அடங்கும், எங்கே சீறும் என்று?

உனக்கும் தெரிந்திருக்கும். நான்தான் மறைத்துவிட்டேன்.

நீ ஆறாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் நான் தையல் வேலைக்குப் போகிறேன் என்றுதானே சொன்னேன்? காலையில் ஆச்சி வீட்டில் வளவு கூட்டி, பாத்திரம் தேய்த்துவிட்டு, அப்புறம்தான் தையல். உனக்குத் தெரியக்கூடாது என்று கொல்லைப்பக்கமே போய் வருவேன். டிவியில் நீ முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றதும் எனக்கு என்னையே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வெட்கத்தைத்தான் பொங்கலன்று உன்மேல் கொட்டினேன். மன்னிச்சுக்கத்தா.

இப்போது வேலைக்காரியாக ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ விளக்குமாறு பிடிக்கிற விதம் தப்பு. கூட்ட ஆரம்பிக்கும் முன் அடிக்கட்டையை உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டிக் குச்சியைச் சமமாக்க வேண்டும். கை தானாகச் செய்யும், கண் அங்கே போகாது. வீட்டுக்காரி திட்டும்போது நீ அவள் முகத்தைப் பார்க்கிறாய். நாங்கள் பார்க்கமாட்டோம், கையில் இருக்கிற பாத்திரத்தைத்தான் பார்ப்போம். தேய்ப்பது கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். காப்பி குடித்தால் டம்ளரைக் கழுவி, தனியாகக் கொல்லை மாடத்தில் கவிழ்த்து வைப்போம். அந்த டம்ளர் எங்கே இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உன் டைரக்டரிடம் கேட்டுப் பார், ஒத்துக்கொண்டால் செய். இன்னும் நிறைய இருக்கிறது. ரெண்டு நாள் லீவு கிடைத்தால் வா, செய்தே காட்டுகிறேன்.

கைமுறுக்கு ஒரு டப்பா பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கூட நடிக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

அப்பா, நீ வருகிற காட்சி வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். உனக்கு ஒரு வசனமும் இல்லை, இருந்தாலும் கூட்டுகிறார்.

அம்மா