அவள் அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம்

லீட்ஸ், நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்து எழுந்தால் மறுபடியும் இருட்டு. குளிர் பழகிவிட்டது, வெயிலைப் பார்க்காமல் இருப்பதுதான் பழகவில்லை.

போனில் நீங்கள் அழுதது மனதை விட்டுப் போகவில்லை. "போதும், இனி யாருக்கும் ஒன்றும் செய்யாதே" என்றீர்கள். வார்டுக்குப் போகும் அவசரத்தில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்து அந்தப் பிள்ளை நர்ஸ் வேலைக்கு வந்தபோது அவளுக்கு இங்கே யாரையும் தெரியாது. என் அறையிலேயே தங்கவைத்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் நர்சுகள் எல்லோரும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். ஊரில் எத்தனை வருஷம் ஐசியூவில் நின்றிருந்தாலும் சரி, கை கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் இவர்கள் முறைப்படி, நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். கட்டிலில் தலையணையைப் போட்டு, அதையே நோயாளியின் நெஞ்சாக நினைத்து, எண்ணி எண்ணி அழுத்திப் பழகினாள். "நோயாளியின் மூச்சை முழு நிமிஷமும் எண்ணு, பாதியில் நிறுத்தி ரெண்டால் பெருக்காதே" என்று எத்தனை ராத்திரி சொல்லிக்கொடுத்தேன்! தேறினாள். நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் வேறு வார்டு, வேறு வீடு. அதில் தப்பே இல்லை. ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அதற்கும் மேலே, "அக்கா என்னிடம் வாடகையில் லாபம் பார்த்தாள்" என்று நம் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களிடமே சொல்லியிருக்கிறாள். வலித்தது அம்மா. இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வார்டில் வாங்கும் திட்டும் அடியும் எனக்கு வலிப்பதில்லை. மறதி நோய் வந்த தாத்தா ஒருவர் இருந்தார். மாத்திரையைத் துப்புவார், நகத்தால் கீறுவார், உன் நாட்டுக்குப் போ என்பார். டீயில்கூடக் கெட்டியாக்கும் பொடி கலந்து ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவராகச் சேர்ந்து புரட்டிப் படுக்கவைப்போம். அவர் இறந்தபின் மகள் நன்றி அட்டை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பகல் நர்சுகள் பெயரெல்லாம் அதில் இருந்தது. ராத்திரி ஆட்களை அந்த மகள் பார்த்ததே இல்லை, பாவம், எப்படி எழுதுவார்? ஆனால் அவர் முதுகில் ஒரு சின்னப் புண்கூட இல்லை. அது எனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும்.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகி, ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவரே கேட்கிறார். அவருக்கே அது உறைத்திருக்கிறது, அதனால் எனக்கு உறைப்பதில் பாவமில்லை என்று ஆறுதலடைந்தேன். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே அம்மா.

அதனால்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் அம்மாவைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கப்போவதாகச் சொன்னீர்களே, வேண்டாம். பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தவர் அவர். எல்லோர் முன்னாலும் அவர் தலைகுனிந்து நிற்பதால் எனக்கு என்ன கிடைக்கும்? நான் செய்ததற்கு விலை போட்டு அவரிடம் வசூலித்தது போலாகிவிடும். எப்போதும்போல அவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.

இந்த நாட்டிலிருந்துதான் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1876-இல் நம் ஊர் நாசரேத்துக்கு வந்தார். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார், வைத்தியம் பார்த்தார், 1908-இல் நம் மண்ணிலேயே அடக்கமானார். அத்தனை வருஷத்தில் அவரிடம் சாப்பிட்டுவிட்டு அவரையே ஏசியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர் அதற்காகக் கப்பலேறித் திரும்பிவிடவில்லை. அப்பா படித்த பள்ளிக்கூடம் இன்றைக்கும் அவர் பேரில் நிற்கிறது.

நான் ஏமாளியாக இருக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். இனி என்னோடு தங்குகிறவர்களிடம் வாடகைப் பங்கை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். வீண்பேச்சுக்கு இடமிருக்காது. ஆனால் கதவைச் சாத்தமாட்டேன்.

ஜனவரியில் சாயர்புரத்திலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். என்னோடுதான் தங்குவாள். புறப்படுமுன் நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு நேரம் நல்ல சாப்பாடு போடுங்கள். அவளிடம் கருப்பட்டியும் கொஞ்சம் சுக்கும் கொடுத்துவிடுங்கள். குளிர்கோட்டு வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், அக்காவிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்