அட்டைக்குள் ஒட்டியிருக்கும் பாட்டுகளை வெளியே காட்டுங்கள்

இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்கள், கல்லூரி நூலகங்கள், பேராலய நூலகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாட்டின் மத்தியகாலத் தேவாலய இசையைப் பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டுவரும் ரசிகன் நான். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையோடு வருகிறேன். உங்கள் பொறுப்பில் இருக்கும் பழைய கணக்குப் புத்தகங்கள், பத்திரக் கட்டுகள், அச்சு நூல்கள் ஆகியவற்றின் அட்டைகளில் இசைக்குறிப்பு எழுதிய தோல்தாள்கள் ஒட்டியிருக்கலாம். அவற்றைத் தேடிப் பட்டியலிடுங்கள். படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

அவை அங்கே வந்து சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். மடத்து ஏடுகளை வாங்கியவர்கள் அவற்றால் மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேய்த்தார்கள், பூட்ஸ் துடைத்தார்கள், மளிகைக்காரர்களுக்கும் சோப்பு வியாபாரிகளுக்கும் விற்றார்கள் என்று 1549-ல் எழுத்தாளர் ஜான் பேல் மனம் நொந்து எழுதினார். இத்தனைக்கும் அவர் தீவிரமான புராட்டஸ்டன்ட்; மடங்கள் ஒழிந்ததில் அவருக்கு வருத்தமே கிடையாது. மறு ஆண்டே பழைய லத்தீன் வழிபாட்டு நூல்களை ஒப்படைத்து அழிக்க வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. பல்குரல் இசை, அதாவது பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடும் இசை; அதன் ஏடுகளுக்கு அதற்கு முன்பே ஆபத்து இருந்தது. பாடும் பாணியும் குறிப்பு எழுதும் முறையும் மாறியதும் பழைய புத்தகம் யாருக்கும் வேண்டாததாகிவிடும். தோல் மட்டும் கெட்டியாக இருக்கும். அட்டைக்கு வலுவூட்டப் புத்தகம் கட்டுபவருக்கு அது போதும்.

ஒரு தாள் போனால் எவ்வளவு போகிறது என்பதற்கு ஈட்டன் கல்லூரியின் பாடற்குழுப் புத்தகத்தைப் பாருங்கள். 1500-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் எழுதப்பட்டது. அதில் 224 தாள்கள் இருந்தன. இன்று 126 இருக்கின்றன. 93 பாடல்களில் 64 மிஞ்சியிருக்கின்றன, அவற்றிலும் சில அரைகுறை. இப்படிப்பட்ட புத்தகத்தில் குரல்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவதில்லை. விரித்துவைத்த இரண்டு பக்கங்களில் ஒவ்வொரு குரலுக்கும் தனி இடம். பாடகர்கள் எல்லோரும் சுற்றி நின்று ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள். அதனால் ஒரு தாளைக் கிழித்தால் அதன் முன்புறத்தில் ஒரு விரிப்பின் பாதிக் குரல்களும், பின்புறத்தில் அடுத்த விரிப்பின் பாதிக் குரல்களும் சேர்ந்தே போய்விடும். நல்லவேளையாக இந்தப் புத்தகத்தின் அட்டவணை பிழைத்தது. தொலைந்த பாடல்களின் பெயர்களாவது நமக்குத் தெரிவது அதனால்தான்.

பெயர் மட்டும் மிஞ்சியிருப்பதைப் படிப்பது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கும். ரெடிங் மடத்தோடு தொடர்புடைய, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள 13-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில், காணாமல்போன ஒரு பல்குரல் இசைப் புத்தகத்தின் பட்டியல் இருக்கிறது. 160-க்கும் மேற்பட்ட பாடல்கள்! அவற்றில் இன்று அடையாளம் தெரிந்தவை மிகச் சில.

ஆனால் மீட்க முடியும் என்பதற்குப் பேராலய நகரமான வூஸ்டர் சாட்சி. அங்கே புத்தக அட்டைகளில் இருந்து எடுத்த தாள்கள் வூஸ்டர் பேராலயத்திலும் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் பிரிந்து கிடந்தன. கையெழுத்தையும் பக்க எண்களையும் ஒப்பிட்டு எது எதற்கு அடுத்தது என்று ஆய்வாளர்கள் பொருத்தினார்கள். 1928-ல் இசை ஆய்வாளர் ஆன்செல்ம் ஹியூஸ் அந்த இசையைப் பதிப்பித்தார். அதில் ராண்டெல்லஸ் என்று ஒரு வகை உண்டு. மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்க, மூன்று பாடகர்களும் அவற்றை முறை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். யோசித்துப் பாருங்கள், ஒவ்வொருவரும் மூன்றையும் பாடிவிடுகிறார். ஆக ஒருவருடைய பகுதி கிடைத்தாலே அந்த இடத்தில் மூவரையும் எழுப்பிவிடலாம். நீங்கள் 'உபயோகமில்லாத துண்டு' என்று பட்டியலில் விட்டுவிடும் தாள் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, பசை படிந்திருக்கிறது, எழுத்து மங்கியிருக்கிறது என்று தயங்க வேண்டாம். புத்தகம் கட்டுபவர் மேல்விளிம்பை நறுக்கும்போது இசையமைப்பாளரின் பெயர் போயிருக்கும், பக்கவாட்டில் நறுக்கும்போது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் சுருதிக்குறி போயிருக்கும். மற்றக் குரல்களை வைத்துச் சுருதியைக் கணிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். புற ஊதா ஒளியில் எடுத்த படத்தில் சுரண்டிய எழுத்துகூடத் தெரிகிறது. 1998-ல் தொடங்கிய, டயாம் என்று அழைக்கப்படும் மத்தியகால இசைக்கான படக் காப்பகம் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. மூலத்தைத் தொடாமல் படத்தில் மட்டும் கறையை நீக்கிப் படிக்கும் வழிகளையும் அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

அப்புறம், அவசரப்பட்டுத் தாளை உரிக்காதீர்கள். அது எந்தப் புத்தகத்தில், எந்தப் பட்டறையின் கட்டுக்குள் இருந்தது என்பதே அதன் ஊரைச் சொல்லும் தடயம். அட்டையைப் பிரித்துத்தான் ஆக வேண்டிய நிலை என்றால், பிரிப்பதற்கு முன் இரு கோணங்களிலாவது படம் எடுத்துவிடுங்கள். எடுத்த தாளின் உறையில் அது வந்த புத்தகத்தின் எண்ணையும், முன்னட்டையா பின்னட்டையா என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பாடலின் பெயரை அடையாளம் காண நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'இசைக்குறிப்பு உள்ள தோல்தாள்' என்று ஒரே வரியில் பட்டியலில் ஏற்றினாலும் போதும், தேடுபவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்