பழைய வீட்டு இரும்பு வேலைப்பாட்டைப் பழுதுபார்க்க ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுத் திண்ணையின் முகப்பில், கொடியும் பூவுமாக வார்த்தெடுத்த இரும்புக் கிராதி ஒன்று என் தாத்தா காலந்தொட்டு இருந்து வருகிறது. சென்ற ஆண்டு மணல் இறக்க வந்த டிராக்டர் பின்னால் வந்து இடித்ததில், அதில் ஒரு பூ விரிசல் கண்டது. பக்கத்துக் கிரில் பட்டறையிலிருந்து வந்தவர், வாசல் கேட்டுக்குப் பயன்படுத்தும் அதே வெல்டிங் ராடைக் கொண்டு அரைமணி நேரத்தில் ஒட்டவைத்துப் போனார். மறுநாள் காலையில் ஒட்டு என்னவோ உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு விரற்கடை தள்ளிப் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய கிரில் கம்பியில் கரியின் (கார்பன்) அளவு 0.25 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வார்ப்பிரும்பிலோ அது 2 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதனால் அது வளையாது, வெடிக்கும். ஒரே இடத்தில் சூடேறி உடனே ஆறினால் பக்கத்துப் பகுதி தாங்காது என்பதால், முதலில் முழுத் துண்டையும் சூடாக்கி, நிக்கல் ராடைக் கொண்டு சிறிது சிறிதாகப் பற்றவைத்து, பிறகு சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். பித்தளை வைத்து ஒட்டும் முறையும் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற உறவினர் விளக்கிய பிறகுதான் இதெல்லாம் எனக்கே தெரிந்தது.

இந்த வேலைக்காக நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: “கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்துக்கொள்ளுங்கள்.” இரும்பு வேலைக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி பேசுகிறார்கள். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 1.13 கிலோ வரும். புதிய கிராதி என்றால் எடைக்கேற்ற காசு உண்டு. ஒரு பூவை ஒட்டவைக்க ஒருநாள் மெனக்கெட்டாலும் எடையில் ஏறுவது சில கிராம்தான். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழக்கத்தில் இருந்ததாக 2022-இல் அரசு அறிவித்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அதே மாவட்டத்தில் ஒரு விரிசலை அடைக்க மூன்று மாதம் அலைந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதை முடிக்கும் இளைஞர்களின் கண் ஓசூர்த் தொழிற்சாலைகள் மீதே இருப்பதில் வியப்பில்லை. எனினும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு, வார்ப்பிரும்பு ஒட்டுதல், ரிவிட் அடித்தல், பழைய வளைவுகளை உலையில் காய்ச்சி நிமிர்த்துதல் ஆகியவற்றை மாலைநேரக் குறுகிய காலப் பயிற்சியாகவாவது இந்நிலையங்கள் நடத்த வேண்டும். பழுது வேலைக்கு எடையை விட்டுவிட்டு நாள்கூலி தர வீட்டுக்காரர்களாகிய நாமும் முன்வர வேண்டும்.

பயிற்சி தொடங்குவதாக இருந்தால், சாக்கில் சுற்றி வைத்திருக்கும் அந்த உடைந்த பூவைப் பழகிப் பார்ப்பதற்கு மாதிரியாகக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.