ரீகாவுக்கு வெளியேயும் லாத்வியா இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த லாத்வியா பயணக் கட்டுரை படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் முழுக்க முழுக்கத் தலைநகர் ரீகாதான். விடுதலைச் சின்னத்தின் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டவர்கள், அதில் பொறித்திருக்கும் 'தந்தையர் நாட்டுக்கும் விடுதலைக்கும்' என்ற வாசகம் யாருடையது என்று சொல்லவில்லை. அது கவிஞர் கார்லிஸ் ஸ்கல்பே தந்தது. அவர் 1879ல் வெட்ஸ்பியபால்கா என்ற கிராமப் பகுதியில் பிறந்தவர். அந்த நாட்டின் கதையில் பாதி இப்படிப்பட்ட பகுதிகளில்தான் கிடக்கிறது.

'பகஸ்ட்ஸ்' என்று அங்கே சொல்வார்கள். ஏறக்குறைய நம் ஊராட்சி மாதிரி. பல பண்ணை வீடுகள் சேர்ந்த ஒரு பகுதி. வெட்ஸ்பியபால்கா நிலம் ரஷ்யாவின் ஷெரெமெத்யெவ் பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. பிரபுக்கள் தொலைவில் இருந்ததால் குடியானவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. நெசவு நெய்தார்கள், நூற்பு ராட்டை செய்தார்கள், வண்டியேறிப் போய் விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து வந்த சகோதர சபையார் என்ற கிறித்தவப் பிரிவினர் எளிய மக்களுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். (இதே சபையார் 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.) 1743ல் ரஷ்யப் பேரரசி எலிசபெத் சபையைத் தடை செய்தும் மறைவாகக் கூட்டங்கள் நடந்துகொண்டேதான் இருந்தன.

1819ல் லிவோனியாவில் (வெட்ஸ்பியபால்கா இருந்த அன்றைய ரஷ்ய மாகாணம்) பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆள் விடுதலையானான், நிலம் மட்டும் பிரபுவிடமே தங்கிவிட்டது! உழுகிற நிலத்தைக் காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பரவலாகத் திறந்தது. அப்புறம் வந்தது நில அளவை. எது யார் எல்லை, நல்ல புல்வெளி யாருக்கு, அளவைக்காரரை யார் விருந்து வைத்து வளைத்துப்போட்டார் என்று ஊரே ரெண்டுபட்டது. இதை நகைச்சுவையாகவும் கசப்பாகவும் எழுதியவர்கள் வெட்ஸ்பியபால்காவில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த ரெய்னிஸ், மாட்டிஸ் கவுட்ஸீட்டே சகோதரர்கள். 1879ல் வெளியான 'அளவைக்காரர்களின் காலம்' என்ற அந்த நூலைத்தான் லாத்விய மொழியின் முதல் பெரிய நாவல் என்கிறார்கள். நானும் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். ஒரு நாட்டின் முதல் பெரிய நாவலே எங்கள் தொழிலைப் பற்றியது என்று தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமும் வந்தது.

கட்டுரையாளர் கட்டாயம் தொட்டிருக்க வேண்டிய ஆண்டு 1866. அந்த ஆண்டுச் சட்டம் பகஸ்ட்ஸ் நிர்வாகத்தைப் பிரபுவின் மேற்பார்வையிலிருந்து விடுவித்தது. தலைவரை ஊரே தேர்ந்தெடுத்தது. பள்ளிக்கூடம், ஏழைகள் பராமரிப்பு, வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஊரே பார்த்தது. குடியானவர்களே நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். நிலம் வைத்திருந்தவன் கைதான் ஓங்கியிருந்தது, பெண்களுக்கு இடமில்லை. இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் 1918ல் நாடு விடுதலையை அறிவித்தபோது, கூட்டம் போடவும் குறிப்பெழுதவும் வரவு செலவு பார்க்கவும் பழகிய ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்தப் பழக்கம் ரீகாவில் மட்டும் விளைந்ததல்ல.

அதன் பிறகு நடந்தது எல்லாரும் அறிந்ததுதான். 1940ல் சோவியத் ஒன்றியம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. 1941 ஜூன் 14ல் சுமார் 15,000 பேர், 1949 மார்ச் 25ல் 42,000க்கும் மேற்பட்டோர் சைபீரியா போன்ற தொலைதூரங்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். இரண்டாவது முறை குறிவைக்கப்பட்டதில் பெரும்பகுதி கிராமத்துக் குடும்பங்கள். பயத்தில் மற்றவர்கள் கூட்டுப் பண்ணையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் பகஸ்ட்ஸ் என்ற அமைப்பையே சோவியத் ஆட்சி ஒழித்தது. ஸ்கல்பே இதைப் பார்க்கவில்லை; 1944ல் சுவீடனுக்குத் தப்பிப் போய் மறு ஆண்டே இறந்துவிட்டார். 1992ல்தான் அவருடைய எச்சங்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

1991ல் சோவியத்திடமிருந்து விடுதலை பெற்ற பின் பகஸ்ட்ஸ் உள்ளாட்சியாக நிலைத்தது. ஆனால் 2009ல் நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளை 118ஆகச் சுருக்கினார்கள், 2021ல் 43ஆக. வெட்ஸ்பியபால்கா இப்போது ஸேஸிஸ் வட்டாரத்துக்குள் ஒரு பகுதி. ஆள் குறைந்துவிட்டது, செலவு கட்டுப்படியாகாது என்று அரசு சொல்லும் காரணம் பொய்யில்லை. இளைஞர்கள் ரீகாவுக்கும் அயர்லாந்துக்கும் போய்விடுகிறார்கள். இருந்தாலும், பிரபுக்களிடமிருந்து பிடுங்கிய அதிகாரத்தைக் கணக்குப் புத்தகம் பார்த்து வட்டாரத் தலைமையிடத்துக்கு மாற்றியது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டுரையாளர் மறுபடி லாத்வியா போவதாக எழுதியிருக்கிறார். சரி, அப்படியே வெட்ஸ்பியபால்கா வரை போய், கவுட்ஸீட்டே சகோதரர்கள் வாழ்ந்த கால்னா கைபேனி வீட்டையும் பார்க்கட்டும். அது இப்போது அருங்காட்சியகம். 2021 இணைப்புக்குப் பிறகு ஒரு சான்றிதழ் வாங்க எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டு எழுதினால், அந்தக் கட்டுரைக்கு ஒரு பக்கம் கூடுதலாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
திண்டுக்கல்